200 அடிச் சாலையோரத்து வீடு: வாங்குவதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுத்த நிகழ்வு

பின்னணி

பெரம்பூரில் நெடுங்காலம் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பம், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொந்த வீடு தேடத் தொடங்கியது. கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவர். மனைவி பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளும், எழுபது வயதைக் கடந்த, கணவரின் தாயாரும் உடன் இருந்தனர். தாயாருக்குப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. மாதக்கணக்கில் நன்றாக இருப்பார், பிறகு ஓர் இரவு மூச்சிரைப்பு வந்தால் நெபுலைசர் வைத்தாக வேண்டும்.

வாங்கப்போகும் வீட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கட்டடப் பொறியாளர் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். அவர்களின் இசைவோடு இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர்கள் பார்த்த வீடு, மஞ்சம்பாக்கத்திலிருந்து மணலி நோக்கிச் செல்லும் 200 அடிச் சாலையின் வடபுறத்தில், ஒரு மனைப்பிரிவின் முதல் வரிசையில் இருந்தது. அரை கிரவுண்டு மனை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கட்டிய உறுதியான வீடு. கீழ்த்தளத்தில் ஒரு கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள். மேலே வாடகைக்கு விடத்தக்க ஒரு போர்ஷன். கேட்ட விலை, அதே மனைப்பிரிவின் மூன்றாம் தெருவில் இதே அளவு வீட்டுக்குச் சொன்ன விலையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு.

விலை குறைவாக இருப்பதற்குத் தரகர் சொன்ன காரணம், வீடு தெற்குப் பார்த்த வாசல் கொண்டது என்பதுதான். தெற்கு வாசலைப் பலர் தவிர்ப்பது உண்மையே. அதனால் விலை சற்று இறங்குவதும் உண்மையே. மாதவரம் பால்பண்ணையிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கும் சோழிங்கநல்லூருக்கும் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் அமைக்கப்பட்டு வருவதையும், சாலையோர மனை என்றைக்கும் வணிக இடமாக விலை போகும் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். வாஸ்துவில் நம்பிக்கை இல்லாத கணவருக்கு இது நல்ல வாய்ப்பாகத் தோன்றியது. தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் மாதவரம் ரவுண்டானாவும் அருகில் இருந்ததால், வேறு வாங்குபவர் முந்திவிடக்கூடும் என்ற அச்சத்தில் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, வெள்ளைத் தாளில் ஒரு ரசீது மட்டும் வாங்கி வந்திருந்தார். என்னை அழைத்தது அதன் பிறகுதான்.

பகலில் கண்டது

முதல் பார்வை ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடந்தது. சாலை அப்போது ஓரளவு அமைதியாகவே இருந்தது. கட்டடத்தில் கவலைப்பட ஏதுமில்லை. ஜன்னல் மூலைகளில் தெரிந்த மெல்லிய விரிசல்கள் பூச்சோடு நின்றுவிட்டவை. தூண்களிலும் உத்தரங்களிலும் விரிசலோ துருக் கறையோ இல்லை. லாரிகளின் அதிர்வால் வீடு பழுதாகும் என்று குடும்பத்தினர் அஞ்சியிருந்தனர். முறையாக அடித்தளமிட்ட கான்கிரீட் சட்டக வீட்டை, சாலையில் ஓடும் வண்டிகளின் அதிர்வு ஆட்டம் காணச் செய்வது அரிது என்று அவர்களுக்குச் சொன்னேன். இந்த வீட்டைப் பொறுத்தவரை அந்தக் கருத்தில் இப்போதும் மாற்றமில்லை.

என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. தெற்கில், சாலையை நோக்கி இருந்த பெரிய படுக்கையறையில் கட்டிலே இல்லை. அரிசி மூட்டை, பழைய தையல் இயந்திரம், ட்ரங்குப் பெட்டிகள் எல்லாம் அங்கே இருந்தன. ஒரு பெரிய பீரோ ஜன்னலை முழுவதும் மறைத்து நின்றது. விற்பவரின் குடும்பத்தினர் நால்வரும் பின்பக்கத்துச் சிறிய அறையிலும் சமையலறையை ஒட்டிய நடையிலும் படுத்து வந்தார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. கேட்டபோது, "முன்ரூம்ல தூக்கம் வராது சார்" என்று விற்பவரே சொன்னார். ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பது எந்தக் கருவியும் தராத தகவல்.

சாலையின் மட்டம் அடுத்துக் கண்டது. மீண்டும் மீண்டும் தார் போட்டு உயர்ந்துவிட்ட சாலையிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வாசலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. சுற்றுச்சுவருக்குப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். ஆனால் இரும்புக் கதவின் உட்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரே நேர்க்கோட்டில் துரு ஏறியிருந்தது. எதிரிலிருந்த டீக்கடையில் விசாரித்தபோது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்த முதல் வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும், நிலத்தடித் தொட்டியில் சாக்கடை கலந்ததையும் சொன்னார்கள். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் நோக்கிச் செல்வதால், பெருமழைக் காலத்தில் இப்பகுதி முழுவதும் நீர் வடிவது மெதுவாகிவிடுகிறது. உயர்ந்த சாலை ஒன்று அணையைப் போல் முன்னே நிற்கும்போது, அதன் காலடியில் உள்ள வீடு முதலில் நனைகிறது.

இரவில் கேட்டது

வட சென்னையின் இந்தச் சாலைகளின் இயல்பு பகலில் பார்ப்பவருக்குத் தெரியாது. சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் சரக்கும் இப்பகுதிச் சாலைகளில்தான் நகர்கிறது. மாதவரத்தில் லாரி நிலையம். மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். இடையிடையே கண்டெய்னர் கிடங்குகள். நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், டிரெய்லர்கள் பகலில் ஓரம் கட்டி நின்று இரவில் ஓடுகின்றன. ஆகவே மற்ற சாலைகள் அடங்கும் நேரத்தில் இந்தச் சாலை விழித்துக்கொள்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு தங்கிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேட்டோம். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார் என்பதை நன்றியுடன் இங்கே குறிப்பிட வேண்டும். கணவரும் மனைவியும் கூடத்திலும், தாயாரும் மகளும் பின்னறையிலும் படுத்தார்கள். பீரோவைச் சற்று நகர்த்தி முன்னறையில் நான் ஒலி அளவைக் குறித்தேன். கைப்பேசிச் செயலியின் அளவை அப்படியே சட்டப்படியான அளவாகக் கொள்ளக் கூடாது. ஒரே கைப்பேசியை வைத்து ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட அது போதும்.

நள்ளிரவுக்குப் பின் முன்னறையில் ஜன்னல் திறந்திருந்தபோது அளவு 70 முதல் 75 டெசிபெல் வரை இருந்தது. ஏர் ஹாரன் ஒலித்தபோது 90ஐத் தொட்டது. ஜன்னலை மூடியதும் எட்டு, ஒன்பது டெசிபெல் மட்டுமே குறைந்தது. அது நகரும் கதவு கொண்ட அலுமினிய ஜன்னல், அத்தகைய ஜன்னல்களின் இடுக்குகள் வழியே காற்று நுழையும் அளவுக்கு ஒலியும் நுழையும். பின்னறையில் கதவை மூடியபின் 52 முதல் 55 வரை. அதே இரவில் மூன்றாம் தெருவில், திறந்த வெளியில் நின்று பார்த்தபோது 53ஐச் சுற்றி இருந்தது. முன் வரிசைக் கட்டடங்கள் ஒலியை மறைப்பதே இதற்கு முதன்மைக் காரணம். வெறும் தூரத்தால் மட்டும் இவ்வளவு குறையாது. ஓயாது ஓடும் சாலையின் ஒலி, தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 3 டெசிபெல்தான் குறையும்.

இந்த எண்களுக்குப் பொருள் தெரிய இரண்டு அளவுகோல்கள் உதவின. ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பதே வரம்பு. வணிகப் பகுதிக்கு அது 65, 55. சாலைப் போக்குவரத்தின் ஒலி இரவில் 45க்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பகுதிக்கென வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதை நினைவில் கொண்டால், முன்னறைக்கும் பின்னறைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிது என்பது விளங்கும். மூன்றாம் தெருவும் விதியின் வரம்புக்குள் இல்லை என்பதையும் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொன்னேன்.

சராசரி அளவைவிடத் தூக்கத்தைக் கெடுப்பது திடீர் ஒலிதான். சாலையில் ஒரு பள்ளம் இருந்தது. சரக்கேற்றிய டிரெய்லர் அதில் இறங்கி ஏறும்போது ஒரு முனகல். சரக்கில்லாத டிரெய்லர் இறங்கும்போது இரும்புத் தகடுகள் மோதும் பெருஞ்சத்தம். பின்னறையில் படுத்திருந்த மகள் அந்தச் சத்தத்துக்கு இருமுறை எழுந்து அமர்ந்தாள். தாயார் தூங்கவே இல்லை.

காற்றும் தூசியும்

மணலி, 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட கடும் மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்ற ஊர். மணலியில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையம் உண்டு. அதன் அளவுகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் அத்தகைய நிலையம் வட்டாரத்தின் பொதுநிலையைச் சொல்லுமே தவிர, டீசல் வண்டிகள் ஓடும் தாரிலிருந்து சில மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு ஜன்னலின் நிலையைச் சொல்லாது. சாலைப் புகையின் நுண்துகள்கள் சாலையோரத்தில் மிகுந்து, சில நூறு மீட்டருக்குள் படிப்படியாகப் பொதுநிலைக்கு இறங்குகின்றன. முதல் வரிசையா, மூன்றாம் தெருவா என்ற கேள்விக்கு இங்கேதான் எடை கூடுகிறது.

எளிய சோதனை ஒன்று செய்தோம். மூன்று கண்ணாடித் துண்டுகளில் மெலிதாகத் தேங்காய் எண்ணெய் தடவி, ஒன்றை முன் ஜன்னல் திண்டிலும், ஒன்றைப் பின் ஜன்னல் திண்டிலும், ஒன்றை மூன்றாம் தெரு வீட்டின் ஜன்னலிலும் ஓர் இரவும் பகலும் வைத்தோம். முதல் கண்ணாடியில் வெள்ளைக் காகிதத்தைத் தேய்த்தபோது கருமை படிந்தது. இரண்டாவதில் சாம்பல் நிறம். மூன்றாவதில் மண் நிறத் தூசி இருந்தது, கருமை குறைவு. மண் தூசி மூக்கோடும் தொண்டையோடும் பெரும்பாலும் நின்றுவிடும். டீசல் கரி அதைவிட நுண்ணியது, நுரையீரலின் ஆழம் வரை செல்லும். நுண்துகளுக்கு இந்தியா வகுத்துள்ள 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 15 என்று வைத்தது. கண்ணாடிச் சோதனை இந்த எண்கள் எதையும் தராது. எந்த ஜன்னலில் கரி வருகிறது என்பதை மட்டும் கண்ணால் காட்டும். ஒரு குடும்பம் பேசி முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது.

வீடு சாலையின் வடபுறத்தில் இருப்பது இங்கே முக்கியமாகிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவக் காலத்திலும் சென்னையில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும், தென்மேற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்தும் வீசுகிறது. தென்றலுக்காகத் தெற்கு ஜன்னல் வைப்பது நம் வழக்கம். இந்த வீட்டில் அந்தத் தென்றல் சாலையைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். புழுக்கம் மிகுந்த மாதங்களில், எந்த ஜன்னலை அதிகம் திறக்க வேண்டுமோ அதைத்தான் அதிகம் மூட வேண்டியிருக்கும்.

தாயாருக்குச் சிகிச்சை அளித்துவந்த நுரையீரல் மருத்துவரிடமும் குடும்பத்தினர் கேட்டார்கள். வீட்டை வாங்குவது பற்றி அவர் கருத்துச் சொல்லவில்லை. சாலைப் புகை ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதையும், வளரும் குழந்தையின் நுரையீரலுக்கும் அது நல்லதல்ல என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

ஆவணங்கள்

வில்லங்கச் சான்றிலும் பட்டாவிலும் குறையில்லை; மனைப்பிரிவும் ஒப்புதல் பெற்றது. உரிமம் பெற்ற சர்வேயரைக் கொண்டு புல வரைபடத்தின்படி அளந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. முன்பக்கச் சுற்றுச்சுவரும், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் ஒரு பகுதியும், பட்டா எல்லைக்கு வெளியே சாலைப் புறம்போக்கில் சுமார் மூன்றடி நீண்டிருந்தன. கட்டியவர் அறிந்து செய்தாரா என்பது இப்போது பயனற்ற கேள்வி. சாலையை அகலப்படுத்தினாலோ மழைநீர் வடிகால் கட்டினாலோ அந்த மூன்றடி போய்விடும், இழப்பீடும் கிடைக்காது, தண்ணீர்த் தொட்டியைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் கட்ட வேண்டும்.

நில எடுப்பு பற்றிய கேள்வி இதைவிடப் பெரியது. பதிவான ஆவணங்களை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும் என்பதால், அது சுத்தமாக இருக்கிறது என்று எவரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையானால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவில் எடுப்பு நோக்க அறிவிக்கையும், 3டி பிரிவில் நிலம் அரசிடம் சேரும் அறிவிக்கையும், 3ஜி பிரிவில் இழப்பீட்டு நிர்ணயமும் வரும்; மாநிலச் சாலையானால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001இன்படி நடக்கும். கணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், புல எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தார். அந்தத் தேதியில் அந்தப் புல எண்ணுக்கு நில எடுப்பு அறிவிக்கை ஏதும் இல்லை என்று பதில் வந்தது. நல்ல பதில்தான், ஆயினும் அது அன்றைய நிலையை மட்டுமே சொல்கிறது. துறைமுகச் சரக்கு கூடிக்கொண்டே வரும் ஒரு சாலையின் ஓரத்தில் இருபது ஆண்டு வங்கிக் கடனோடு உட்காரப் போகிறவர், இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

கணக்கு

ஆறில் ஒரு பங்கு விலைக் குறைவு எவ்வளவு மிஞ்சும் என்று உட்கார்ந்து பார்த்தோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்திரத்தில் எழுதும் விலை எதுவானாலும் அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல் இதைக் கட்ட வேண்டும். அந்த மதிப்பு தெருவாரியாக வகுக்கப்படுவதால், பிரதான சாலைக்கு உட்தெருவைவிட அதிகம். குடியிருப்போருக்குக் குறையாகத் தெரியும் சாலை முகப்பு, பதிவுத் துறைக்கு மதிப்பாகத் தெரிகிறது. சந்தை விலை குறைவாக உள்ள இந்த வீட்டுக்குப் பதிவுச் செலவு கூடுதலாக வந்தது இதனால்தான்.

அடுத்தது திருத்தங்கள். முன்பக்க ஜன்னல்களை ரப்பர் விளிம்போடு இறுக மூடும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களாக மாற்றுவது, வாசல் கதவின் இடுக்குகளை அடைப்பது, மூடிய அறைகளுக்கு ஏசி, கோடை இரவில் மின்சாரம் நின்றால் ஏசியையும் தாங்கும் இன்வர்ட்டர், வாசலுக்குத் தடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றுவது ஆகியவற்றின் மதிப்பீடு ஆறு லட்சத்தை நெருங்கியது. ஜன்னலை மூடி வாழும் வீட்டில் மின்கட்டணமும் மாதந்தோறும் கூடும். மரங்கள் நட்டுச் சத்தத்தைத் தடுக்கலாமே என்று மனைவி கேட்டார். முப்பது மீட்டர் ஆழத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தால் சில டெசிபெல் குறையும். ஒற்றை வரிசைப் புங்க மரம் நிழல் தரும், தூசியைச் சற்றுப் பிடிக்கும், சத்தத்தைக் குறைக்காது.

இந்தக் கணக்கிலும் முதல் வரிசை வீடு கொஞ்சம் மலிவாகவே நின்றது. கணவர் அதை வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். முன்னறையைக் கடைக்கு விடலாம், பின்னறைகளில் படுக்கலாம் என்பது அவர் திட்டம். பிழையான திட்டம் அல்ல.

அப்போதுதான் தாயார் பேசினார். "நீயும் அவளும் காலையில போயிடுவீங்க. நாள் முழுக்க அந்த வீட்டுல இருக்கப்போறது நான்தானேப்பா" என்றார். அதன்பின் வேறொரு கணக்கை எழுதினோம்: ஒவ்வொருவரும் வீட்டுக்குள் கழிக்கும் நேரம். கணவர் பயணமும் சேர்த்து வேலைக்குப் போக, நாளில் 11 மணி நேரம் வீட்டில் இருப்பார். மனைவிக்கு 14, மகளுக்கு 15, தாயாருக்கு ஏறக்குறைய 23. சாலையால் மிகுந்த பயன் பெறுபவர் குறைந்த நேரம் இருப்பவர். பயனே இல்லாதவர், அதிலும் நோயுள்ளவர், நாள் முழுவதும் இருப்பவர். விலைக் குறைவு குடும்பத்துக்குப் பொதுவானதாகத் தெரிந்தது. அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒருவரே.

முடிவும் காரணமும்

குடும்பம் அந்த வீட்டை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. பணத்தால் சரிசெய்யக்கூடியவற்றையும் சரிசெய்ய முடியாதவற்றையும் பிரித்துப் பார்த்ததே முடிவுக்கு வழிவிட்டது. சத்தத்தைப் பெருமளவு குறைக்கலாம். தண்ணீரை ஓரளவு தடுக்கலாம். பட்டா எல்லைக்குச் சுவரைப் பின்னிழுக்கலாம். நாள் முழுவதும் வீட்டிலிருக்கும் ஆஸ்துமா நோயாளி சுவாசிக்கும் காற்றை, மின்சாரம் நிற்கும் கோடை இரவுகளையும் சேர்த்து ஆண்டு முழுவதும் சுத்தமாக வைத்திருக்க வழியில்லை. மகளின் பள்ளி வேனும் அந்த வாசலில்தான் நிற்கும். ஓரம் கட்டிய டிரெய்லர்கள் பார்வையை மறைக்கும் இடத்தில் ஒரு சிறுமி நாள்தோறும் ஏறி இறங்குவதை மனைவி ஏற்கவில்லை.

முன்பணத்தைத் திரும்பப் பெறுவது கசப்பாகவே முடிந்தது. இரண்டு மாதங்கள் வேறு எவருக்கும் வீட்டைக் காட்டாமல் காத்திருந்ததாக விற்பவர் சொன்னார்; அதில் நியாயம் உண்டு. எல்லை மீறிய சுவரைப் பற்றி முன்பே சொல்லவில்லை என்று கணவர் சொன்னார். அதிலும் நியாயம் உண்டு. ரசீதில் நிபந்தனை எதுவும் எழுதப்படாததால் பேச்சுதான் ஒரே வழி. பாதித் தொகை திரும்பி வந்தது.

பின்னர் நடந்தது

சில மாதத் தேடலுக்குப் பின் அதே மனைப்பிரிவின் உட்தெருவில், மனையளவில் சிறிய, பழைய வீடு ஒன்றை அவர்கள் வாங்கினார்கள். கார் நிறுத்த இடமில்லை. மாடியில் போர்ஷன் இல்லை. மாதத் தவணை அவர்கள் முதலில் எண்ணியதைவிட அதிகம். கிரயத்துக்கு முன் எல்லை அளப்பு, இரவில் சென்று பார்ப்பது, மழைக்காலத்து நிலையை அக்கம்பக்கத்தில் கேட்பது ஆகிய மூன்றையும் கணவரே செய்துவிட்டார்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தளம் உயர்ந்த வீடாதலால் உள்ளே வரவில்லை. இரவில் ஹாரன் சத்தம் இங்கேயும் கேட்கிறது, ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்க முடிகிறது. தாயாருக்கு இரவு மூச்சிரைப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. அதே சமயத்தில் மருத்துவர் புதிய இன்ஹேலரையும் தொடங்கியிருந்தார். ஆகவே இதற்கு வீட்டைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். கணவர் இப்போது பேருந்து நிறுத்தத்துக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் நடக்கிறார்; மாதத் தவணை நாளில் அந்த மலிவான வீட்டை நினைத்துக்கொள்வதாகவும் ஒளிக்காமல் சொன்னார்.

சாலையோரத்து வீட்டை லாரி உதிரிபாக வணிகர் ஒருவர் வாங்கினார். கீழ்த்தளம் கடையாகிவிட்டது, மேல் போர்ஷனில் கடை ஊழியர்கள் தங்குகிறார்கள். அந்த இடத்துக்கு அது பொருத்தமான பயன். நோயாளிகளோ குழந்தைகளோ இல்லாத, பகலில் வெளியே இருந்து பின்னறையில் உறங்கும் இருவருக்கு அந்த வீட்டை, எல்லையைச் சரிசெய்து, விலையை இன்னும் குறைத்து வாங்கும்படி நான் தயங்காமல் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பார்க்கும் வரிசை மாற வேண்டும். இங்கே கட்டடம், ஆவணம், இரவு என்று போனோம். இரவில் வாசலில் ஒரு மணி நேரம் நிற்பதற்குச் செலவே இல்லை; அதை முதலில் செய்தால், வேண்டாம் என்ற முடிவு பல குடும்பங்களுக்கு அங்கேயே வந்துவிடும், சர்வேயருக்கும் வழக்கறிஞருக்கும் பணம் கொடுக்கத் தேவை இராது. வார நாளின் இரவாக அது இருக்க வேண்டும். பண்டிகையை ஒட்டிய நாள்களில் சரக்கு வண்டிகள் குறைந்து, சாலை தன்னிடம் இல்லாத அமைதியைக் காட்டும்.

கண்ணாடிச் சோதனையைக் காற்றின் திசை பார்த்து வைக்க வேண்டும். நாங்கள் வைத்தது தெற்குக் காற்று வீசும் மாதத்தில். இதையே வடகிழக்குப் பருவக் காற்று வீசும் நவம்பரில் வைத்திருந்தால், சாலையின் வடபுறத்து ஜன்னலில் கரி குறைவாகவே படிந்திருக்கும். அதைப் பார்த்துக் குடும்பம் நம்பிக்கை கொண்டிருக்கவும் கூடும். வீடு சாலைக்கு எந்தப் புறம், ஆண்டின் நீண்ட மாதங்களில் காற்று எந்தப் புறம் என்ற இரண்டையும் ஒரு தாளில் வரைந்துகொள்வது, கண்ணாடி வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

வீட்டிலிருக்கும் நேரக் கணக்கை, தாயார் வாய் திறக்கும் வரை காத்திராமல், முதல் சந்திப்பிலேயே எழுதச் சொல்கிறேன் இப்போது. பெரியவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது நம் குடும்பங்களில் வழக்கமாக இருக்கிறது. பகல் முழுவதும் வீட்டிலிருக்கப் போகிறவர், தான் படுக்கப்போகும் அறையில் அரை மணி நேரமாவது ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முன்பணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எல்லை அளப்பில் பட்டாவுக்கு வெளியே கட்டுமானம் தெரிந்தாலோ, நில எடுப்பு அறிவிக்கை இருப்பது தெரிந்தாலோ, முழுத் தொகையும் குறித்த நாளுக்குள் திரும்பத் தரப்படும்; வாங்குபவர் வேறு காரணத்தால் விலகினால் இன்ன தொகை பிடித்துக்கொள்ளப்படும் என்ற இரண்டு வரிகள் அதில் இருந்திருந்தால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அந்த மனக்கசப்பு வந்திராது.